ஒரு நாள் வந்து ஒரு நாள் வராத ஹோம்பேஜ்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். பாம்பனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறீர்கள். காலையில் கடை திறந்ததும் கடலுக்குப் போகிறவர்கள் வந்து இன்றைக்குக் காற்று எப்படி, அலை எவ்வளவு என்று கேட்கிறார்கள். அதற்காக, கடல்நிலைத் தகவல் தரும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் கடல்நிலைப் பக்கத்தை குரோமில் ஹோம்பேஜாக வைத்தீர்கள். சில நாள் அது வருகிறது, சில நாள் வெறும் தேடல் பெட்டி மட்டும் நிற்கிறது. போன வாரத்திலிருந்து பேர் தெரியாத ஏதோ ஒரு தேடல் தளம் வேறு வருகிறது. வைரஸ்தான், ஃபார்மட் அடிக்க வேண்டும், 500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அடிக்கலாமா, ஹோம்பேஜை நிரந்தரமாக நிறுத்துவது எப்படி?

இது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. வெறும் பெட்டி வருவது ஒன்று, தெரியாத தளம் வருவது வேறொன்று. முதலாவதற்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்லை. இதைத் தயங்காமல் சொல்வேன். இரண்டாவதைப் பற்றி உங்கள் கணினியைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் பதினேழு வருடமாக மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே கணினி பழுது பார்த்து வருகிறேன். ஐஸ் கம்பெனி, லாட்ஜ், ஏலக்கடை, இ-சேவை மையம் என்று பார்த்ததில், இந்த மாதிரிப் புகாருக்கு ஃபார்மட் உண்மையிலேயே தேவைப்பட்ட கணினிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

முதலில், ஹோம்பேஜ் என்று நாம் ஒரே பேரில் சொல்வது குரோமுக்குள் மூன்று தனி விஷயம். குரோமைத் திறந்ததும் முதலில் வரும் பக்கம் ஒன்று. முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுப் படத்தை அழுத்தினால் வருவது இன்னொன்று. கூட்டல் குறியை அழுத்திப் புது டேப் திறந்தால் வருவது மூன்றாவது. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் மாறாது. செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் பகுதிக்குப் போய் ‘ஷோ ஹோம் பட்டன்’ என்பதை இயக்கி, கீழே முகவரி கொடுத்தால் அது வீட்டுப் படத்துக்கு மட்டும். நீங்கள் செய்தது இதுவாக இருந்தால், குரோம் திறந்தவுடன் அந்தப் பக்கம் வர வேண்டிய கட்டாயமே இல்லை. திறந்தவுடன் வர வேண்டுமானால் இடது பக்கப் பட்டியலில் ‘ஆன் ஸ்டார்ட்அப்’ என்று தனியாக இருக்கும். அதில் மூன்றாவதாக உள்ள, குறிப்பிட்ட பக்கங்களைத் திற என்ற தேர்வை எடுத்து முகவரி சேர்க்க வேண்டும். புது டேப்பில் நம் பக்கம் வர வைக்க குரோமில் நேரடி வழி கிடையாது, எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன மென்பொருள் போட வேண்டும். போடாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

எட்ஜில் இவை மூன்றும் செட்டிங்ஸில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பதால் குழப்பம் குறைவு. ஃபயர்பாக்ஸில் ‘ஹோம்’ என்ற பகுதி. அங்கே வீட்டுப் பக்கமும் புதிய விண்டோவும் ஒரே அமைப்பில் வரும்.

சில நாள் வருகிறது என்று நீங்களே சொல்வதால் ஆன் ஸ்டார்ட்அப்பில் சரியாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் வராத நாளில் என்ன நடந்தது? இரண்டு காரணம் உண்டு. முதலாவது சாதாரணமானது: ஏற்கெனவே ஒரு குரோம் விண்டோ திறந்து கீழே சுருங்கிக் கிடக்கும்போது ஐகானை மறுபடி அழுத்தினால், அது புதிய தொடக்கம் ஆகாது. வரும் விண்டோவில் வெறும் புது டேப்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம்தான் நம் ஊருக்கு ரொம்பப் பொருந்துவது. குரோம் திறந்திருக்கும்போது கரண்ட் போய், யுபிஎஸ் தாங்காமல் கணினி பட்டென்று அணைந்தால், முந்தைய முறை ஒழுங்காக மூடப்படவில்லை என்று குரோம் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை திறக்கும்போது நீங்கள் வைத்த தொடக்கப் பக்கங்களை அது வேண்டுமென்றே விட்டுவிட்டு, புது டேப்பை மட்டும் காட்டி, மூலையில் ‘ரெஸ்டோர்’ என்று ஒரு சின்னப் பெட்டியைப் போடும். இது கோளாறு இல்லை, ஒரு முன்னெச்சரிக்கை. நீங்கள் வைத்த பக்கமே குரோமை விழ வைத்திருந்தால், திறந்ததும் விழுவது, மறுபடி திறந்ததும் விழுவது என்று முடிவில்லாமல் போகும் அல்லவா? அதைத் தடுக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். கரண்ட் போனதா, பக்கமே குரோமைக் கவிழ்த்ததா என்று அதற்குத் தெரியாது.

ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி. வெறும் பெட்டி வந்த காலைகளில், முந்தின நாள் கடை மூடும்போது சுவிட்ச்போர்டில் மெயினை அணைத்துவிட்டுப் போனீர்களா? ஷட்டரை இறக்கும் அவசரத்தில் அப்படிச் செய்கிற கடைக்காரர்களை நிறைய பார்த்திருக்கிறேன். தங்கச்சிமடத்தில் ஒரு ஏலக்கடைக் கணக்குப்பிள்ளை இதே புகாரோடு என்னை மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கணக்கு முடிந்தது, எழுந்தார், மெயினைத் தட்டினார், கிளம்பினார். கணினி மானிட்டரோடு சேர்ந்து அணைந்தது. “தினமும் இப்படித்தானா அண்ணே?” என்றேன். “இல்லையே, யுபிஎஸ் இருக்குல்ல?” என்றார். யுபிஎஸ் பேட்டரி செத்து எத்தனை மாதம் ஆனதோ, உப்புக் காற்றில் டெர்மினல் பச்சை பூத்துக் கிடந்தது. பேட்டரியை மாற்றினோம். அதற்குப் பிறகு ஹோம்பேஜ் பற்றி அவர் பேசவே இல்லை.

அடுத்தது தெரியாத தளம். இங்கேதான் நிதானம் வேண்டும். முதலில் அது எப்போது வருகிறது என்று பாருங்கள். முகவரிப் பட்டையில் ஏதாவது அடித்துத் தேடும்போது மட்டும் வருகிறதென்றால் மாறியிருப்பது ஹோம்பேஜ் இல்லை, தேடுபொறி. செட்டிங்ஸில் ‘சர்ச் என்ஜின்’ பகுதியில் போய்த் திருப்பி வைக்கலாம். குரோம் திறந்தவுடனே வருகிறதென்றால், ஆன் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்து அங்கே அந்த முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்குங்கள். அங்கே இல்லாமலேயே வருகிறதென்றால் ஐகானைச் சோதிக்க வேண்டும்.

ஐகானையா என்று சிரிக்க வேண்டாம். நான் பார்த்ததில் அடிக்கடி திருட்டு நடக்கும் இடம் அதுதான். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகான் ஒரு குறுக்குவழி மட்டும்தான். அதில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் திறந்தால் ‘டார்கெட்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி குரோம் டாட் இஎக்ஸ்இ என்று முடிந்து, மேற்கோள் குறியோடு நிற்க வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், செட்டிங்ஸில் நீங்கள் என்ன வைத்தாலும் அந்த முகவரிதான் திறக்கும். அந்த வாலை மட்டும் அழித்து அப்ளை கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: ப்ரொஃபைல் டைரக்டரி என்று தொடங்கும் ஒரு வால் இருந்தால் அது குரோமே போட்டது, ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருந்தால் வரும், அதைத் தொட வேண்டாம். கீழே டாஸ்க்பாரில் குத்தி வைத்திருக்கும் ஐகான் தனிக் குறுக்குவழி, அதையும் தனியாகப் பார்க்க வேண்டும். அதில் ரைட் கிளிக் செய்து, வரும் பட்டியலில் கூகுள் குரோம் என்ற பெயர் மேல் மறுபடி ரைட் கிளிக் செய்தால் பிராப்பர்டீஸ் கிடைக்கும். டெஸ்க்டாப் ஐகானைச் சுத்தம் செய்துவிட்டு டாஸ்க்பார் ஐகானை மறந்துபோய், “போகவே மாட்டேங்குது” என்று சொல்பவர்கள் அதிகம்.

ஐகான் சுத்தமாக இருந்தால் எக்ஸ்டென்ஷன்களைப் பாருங்கள். ஹோம்பேஜை ஒரு எக்ஸ்டென்ஷன் பிடித்து வைத்திருந்தால், செட்டிங்ஸில் அந்த இடத்திலேயே இன்னது இதைக் கட்டுப்படுத்துகிறது என்று எழுதி, பக்கத்தில் ‘டிசேபிள்’ என்ற பொத்தானும் இருக்கும். ஜெராக்ஸ் கடைகளில் இவை நுழையும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற, போட்டோவின் கேபியைக் குறைக்க, தமிழ் டைப்பிங் செய்ய என்று இலவசமாகக் கிடைத்ததை நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தியது. வாடிக்கையாளர் அவசரம், நம் விரல் அவசரம். புது டேப்புக்கு எக்ஸ்டென்ஷன் போட வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான். எல்லாம் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் புது டேப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்ள ஒன்றுக்கு அனுமதி கொடுத்தபின், அது நாளைக்கு யார் கைக்கு மாறும் என்று நமக்குத் தெரியாது.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனி கணினியில் இதே மாதிரி ஒரு தேடல் தளம் ஒட்டிக்கொண்டது. நானும் வைரஸ் என்று சொல்லி, அரை நாள் உட்கார்ந்து ஃபார்மட் அடித்து, குரோமைப் போட்டு, அவர்களுடைய கூகுள் கணக்கில் உள்நுழைந்து கொடுத்துவிட்டு வந்தேன். வண்டியை வீட்டில் நிறுத்தும் முன்பே போன் வந்துவிட்டது: மறுபடியும் அதே பக்கம். கணக்கோடு எக்ஸ்டென்ஷன்களும் ஒத்திசையும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் துடைத்தது கணினியை. திருடன் இருந்தது கணக்கில். உங்கள் கடையிலும் இரண்டு மூன்று கணினிகளில் ஒரே கணக்கு ஓடுகிறதென்றால், ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் 500 ரூபாய் அன்று சாயங்காலமே வீணாகலாம். எல்லாக் கணினியிலும் அந்த எக்ஸ்டென்ஷனை நீக்க வேண்டும்.

அதுவும் இல்லையென்றால் குரோமின் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து அடியில் பாருங்கள். உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறதா? சொந்தக் கடைக் கணினியில் அது இருந்தால் சந்தேகப்படலாம். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏதோ ஒரு மென்பொருள் கொள்கை விதி எழுதி, ஹோம்பேஜைப் பூட்டி வைத்திருக்கக்கூடும். முகவரிப் பட்டையில் ஆங்கில எழுத்துகளில் குரோம்://பாலிசி என்று அடித்தால் என்னென்ன விதி என்று பட்டியல் வரும். ஆனால் இந்த வரி இருந்தாலே வைரஸ் என்று முடிவு கட்டாதீர்கள். சில ஆன்டிவைரஸ்களும் இப்படி விதி எழுதும். இ-சேவைக்கென்று மேலிடத்திலிருந்து அமைத்துக் கொடுத்த கணினியாக இருந்தால் அது முறையான பூட்டாகவே இருக்கலாம். கை வைக்காமல் அமைத்தவர்களைக் கேளுங்கள். ரெஜிஸ்ட்ரியைத் திறந்து அழிக்கும் வேலையை நான் எழுத்தில் சொல்லிக் கொடுக்க மாட்டேன். அங்கே ஒரு வரி தவறினால் பிரச்சினை ஹோம்பேஜோடு நிற்காது.

இவற்றுக்குப் பிறகும் தெரியாத தளம் வந்தால், செட்டிங்ஸில் ‘ரீசெட் செட்டிங்ஸ்’ போய் ஆரம்ப நிலைக்குத் திருப்புங்கள். புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு மூன்றும் அழியாது. எக்ஸ்டென்ஷன்கள் முடக்கப்படும், குக்கீகள் போகும். அதனால் எல்லாத் தளத்திலிருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள். காலையில் கூட்டம் இருக்கும்போது செய்யாமல் மத்தியானம் செய்யுங்கள். பழைய யூடியூப் வீடியோக்களில் குரோமுக்குள்ளேயே கணினியைச் சுத்தம் செய்யும் கருவி ஒன்றைக் காட்டுவார்கள். அதை 2023-ல் எடுத்துவிட்டார்கள், தேடாதீர்கள். விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டரில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள். கன்ட்ரோல் பேனலில் நிறுவிய தேதி வாரியாக மென்பொருள்களை வரிசைப்படுத்தி, பிரச்சினை தொடங்கிய வாரத்தில் புதிதாக வந்தது எது என்று பாருங்கள். அதன் பிறகும் திரும்பி வந்தால்தான் ஃபார்மட் பற்றிப் பேச வேண்டும். கடைக் கணினி விண்டோஸ் 7 என்றால் கதை வேறு. குரோம் 109-ஆம் பதிப்போடு அதற்குப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. வாடிக்கையாளரின் ஆதாரும் வங்கிக் கணக்கும் கடந்து போகும் கணினியில் அதை வைத்திருப்பது ஹோம்பேஜைவிடப் பெரிய கவலை.

சரி, உங்களுக்கு உண்மையில் வேண்டியது காலையில் கடல்நிலை. அதில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆன் ஸ்டார்ட்அப்பில் விட்ட இடத்திலிருந்து தொடர் என்றும் ஒரு தேர்வு உண்டு. வசதியாக இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள். அப்படித் திரும்பி வரும் டேப், சேமித்து வைத்திருந்த பழைய நகலையே காட்டக்கூடும். நேற்றைய அலை உயரம் இன்றைக்கு மாதிரி திரையில் நிற்கும். தெரிந்த ஒரு வீட்டில் போனில் இப்படித்தான் சனிக்கிழமைப் பக்கத்தைத் திங்கட்கிழமை விடியற்காலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வல்லம் படகில் வலை ஏற்றி முடித்த பிறகு, அந்த வீட்டுப் பெண்தான் மூலையில் இருந்த தேதியைக் கவனித்தார். எந்த வழியில் திறந்தாலும் எஃப்5 ஒரு தடவை அழுத்தி, தேதியும் நேரமும் பார்த்த பிறகே வாய்விட்டுப் படியுங்கள்.

பாம்பனுக்கு ஒரு பக்கம் போதாது என்பதும் என் எண்ணம். தென்கடல் மன்னார் வளைகுடா, வடகடல் பாக் விரிகுடா. வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கிக் கிடக்கலாம், தென்மேற்குக் காற்றில் அது தலைகீழாகும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் அலை உயரத்தையும் கள்ளக்கடல், அதாவது உள்ளூரில் காற்றில்லாமலே திடீரென்று பொங்கி வரும் அலைக்கான எச்சரிக்கையையும் தருகிறது. மீனவர்களுக்கான காற்று எச்சரிக்கை வானிலை ஆய்வு மையத்திடமிருந்து வருகிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். குரோமின் ஆன் ஸ்டார்ட்அப்பில் எத்தனை முகவரி வேண்டுமானாலும் சேர்க்கலாம், வீட்டுப் படத்துக்கு ஒன்றுதான் கொடுக்க முடியும். ஃபயர்பாக்ஸில் முகவரிகளுக்கு நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டால் வீட்டுப் பக்கமாகவே பல டேப் திறக்கும். ஆனால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கிறார்களா, துறைமுகத்தில் எந்த எண் புயல் கூண்டு ஏறியிருக்கிறது என்பதற்குப் பதிலாக உங்கள் திரை ஆகாது. கேட்பவர்களிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

கரண்ட் போனாலும் உங்கள் பக்கம் தவறாமல் வர ஒரு வழி இருக்கிறது. திருடன் செய்ததையே நாமும் செய்வது. குரோம் ஐகானை நகல் எடுத்து, ‘கடல்’ என்று பெயர் மாற்றி, அதன் டார்கெட் வரியில் மேற்கோள் குறிக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு இன்காய்ஸ் பக்கத்தின் முழு முகவரியை ஒட்டுங்கள். இன்னொரு இடைவெளி விட்டு வானிலை மையத்தின் முகவரி. ஐகானோடு வரும் முகவரியை, முந்தைய முறை கணினி எப்படி அணைந்திருந்தாலும் குரோம் திறந்துவிடும். இப்படிச் செய்தால் ஆன் ஸ்டார்ட்அப்பைப் புது டேப்பிலேயே விட்டுவிடுங்கள். மற்ற வேலைக்குப் பழைய ஐகான், காலையில் கேட்பவர்களுக்குக் ‘கடல்’ ஐகான். ஏதோ பக்கத்தில் இருக்கும்போது வீட்டுப் பக்கத்துக்குத் தாவ ஆல்ட் விசையோடு ஹோம் விசையை அழுத்தினால் போதும், மவுஸ் வேண்டாம்.

போனில் ஆண்ட்ராய்டு குரோமுக்கும் செட்டிங்ஸில் ஹோம்பேஜ் உண்டு. ஆனால் ஆப்பைத் திறந்தால் பெரும்பாலும் கடைசியாகப் பார்த்த டேப்புக்கே போகும் என்பதால் அதை நம்பிப் பயனில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து மெனுவில் ஹோம் ஸ்கிரீனில் சேர் என்று கொடுத்து, போன் முகப்பில் ஐகானாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிக்னல் விட்டுப் போகும் தூரத்துக்குச் செல்பவர்களுக்கு அதுவும் உதவாது. கரையிலேயே பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இன்றைக்கே டார்கெட் வரியைப் பாருங்கள். அதில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எழுத்துப் பிசகாமல் இங்கே எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன். கடையின் கணக்குப் பெயரையோ பாஸ்வேர்டையோ மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்புறம், அந்த யுபிஎஸ் பேட்டரி கடைசியாக எப்போது மாற்றியது என்பதையும் சொல்லுங்கள்.